நானோதுளை அலுமினா: 40 வோல்ட்டில் கருகுகிறது, துளைகள் வரிசைக்கு வரவில்லை, சேர்கோணம் 115ஐத் தாண்டவில்லை

துளைதேடி

வணக்கம். அலுமினியத் தகட்டில் இரண்டு கட்ட ஆனோடைசிங் (அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்து நானோதுளை அலுமினா, அதாவது துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்சைடு, வளர்க்கிறேன். துளைகளை அகலப்படுத்தி, மேலே சிலேன் (பரப்பில் ஒட்டி நீரை விலக்கும் சிலிக்கான் சேர்மம்) பூசி, நீர் ஒட்டாத பரப்பாக்கி, சேர்கோணம் (நீர்த்துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்) அளக்க வேண்டும். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

செய்முறையை அப்படியே தருகிறேன். தகடு 99.99 சதவீதத் தூய்மை, 0.25 மில்லிமீட்டர் தடிமன், 2 செ.மீ. சதுரமாக வெட்டியது. அசிட்டோனில் கழுவி, பெர்குளோரிக் அமிலமும் எத்தனாலும் 1:4 கலவையில் 20 வோல்ட்டில் 1 நிமிடம் பாலிஷ். அனீல் (சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது) செய்யவில்லை. செல் டெஃப்லானில் கடைந்தது: அடியில் செம்புத் தகடு, அதன்மேல் சாம்பிள், அதன்மேல் ஓ-ரிங். அமிலம் படும் வட்டத்தின் விட்டம் 1 செ.மீ. எதிர்முனை பிளாட்டினம் வலை. 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலம், லிட்டருக்கு 27 கிராம். செல்லை ஐஸ் வாளிக்குள் வைத்திருக்கிறேன், கரைசலில் தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டுகிறது. 40 வோல்ட் நேரடியாகக் கொடுக்கிறேன். முதல் கட்டம் 1 மணி நேரம், குரோமிக்-பாஸ்பாரிக் கலவையில் 60 டிகிரியில் 30 நிமிடம் உரிப்பு (முதல் படலத்தைக் கரைத்தெடுப்பது), இரண்டாம் கட்டம் 30 நிமிடம்.

1. பத்தில் ஐந்து சாம்பிள் கருகுகிறது. கரண்ட் 1.5 மில்லிஆம்பியரில் அமைதியாக நிற்கும். 20 நிமிடம் போல ஆனதும் மெல்ல ஏறி 40 வரை போகும். வெளியே எடுத்தால் ஓ-ரிங் தடத்தை ஒட்டிப் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள்.

2. தப்பித்த சாம்பிளில் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) எடுத்தால் துளைக்குத் துளை சுமார் 100 நானோமீட்டர் வருகிறது, ஆனால் தேன்கூடு வடிவம் 5, 6 துளைக்கு மேல் தொடரவில்லை.

3. பாஸ்பாரிக் அமிலத்தில் 30 நிமிடம் அகலப்படுத்தி ஃப்ளூரோசிலேன் பூசினேன். சேர்கோணம் 115 டிகிரி. கட்டுரைகளில் 150க்கு மேல் போடுகிறார்கள். சிலேன் இல்லாத சாம்பிளோ திங்கள்கிழமை 15 டிகிரி, வெள்ளிக்கிழமை 50க்கு மேல். எதை எழுதுவது?

மின்குளியல்

முதலில் ஒரு கணக்குப் பிழை. கடையில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலம் பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். மூலக்கூறு எடை 126. லிட்டருக்கு 37.8 கிராம் போட்டால்தான் 0.3 மோலார். 27 கிராம் என்பது நீரற்ற அமிலத்துக்கான கணக்கு. பாட்டில் லேபிளைப் பாருங்கள். படிகம் என்றால் உங்கள் கரைசல் 0.21 மோலார்தான். ஆனால் கருகலுக்கு இது காரணமில்லை. செறிவு குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான்.

கருகலுக்கு வருவோம். உங்கள் வட்டத்தின் பரப்பு 0.785 சதுர செ.மீ. 1.5 மில்லிஆம்பியர் என்றால் சதுர செ.மீ.க்கு 1.9. இந்த அமிலத்தில், 40 வோல்ட்டில், இந்தக் குளிரில் அது நல்ல எண். வெப்பம் என்று பார்த்தால் 40 பெருக்கல் 1.9, அதாவது சதுர செ.மீ.க்கு 0.08 வாட் கூட இல்லை. இதில் அலுமினா கருகவே கூடாது. மறுபக்கம், 40 மில்லிஆம்பியரும் உண்மையாகவே ஆக்சைடு வளர்க்கப் போயிருந்தால் மணிக்கு 80 மைக்ரான் படலம் வந்திருக்க வேண்டும். வந்திருக்காது. அந்தக் கரண்ட் வேறு வழியில் ஓடுகிறது.

செல்லைக் கழற்றிச் செம்புத் தகட்டைப் பாருங்கள். ஓ-ரிங் தடத்துக்கு நேர் கீழேயோ சாம்பிளின் ஓரத்திலோ வெளிர் நீலப் பொடி ஒட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. அது காப்பர் ஆக்சாலேட். அமிலம் கசிந்து செம்பைத் தொட்டிருக்கிறது. செம்பின் மேல் தடுப்புப் படலம் வளராது. 40 வோல்ட்டையும் வாங்கிக்கொண்டு கரையும். கசிவு ஊறி இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால்தான் முதல் 20 நிமிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது.

கசிவு பெரும்பாலும் வெட்டிய விளிம்பில் தொடங்கும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறாகி மேலெழும்பும், தகடு செம்பில் தட்டையாக உட்காராது. வெட்டியதும் இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். 2 செ.மீ.க்குப் பதில் 2.5 செ.மீ. சதுரம் வெட்டினால் ஓ-ரிங்குக்கும் விளிம்புக்கும் இடையே இன்னும் தூரம் கிடைக்கும். ரிங் விட்டான் (அமிலம் தாங்கும் ரப்பர்) ரகமாக இருக்கட்டும். கசிகிறதே என்று திருகை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அலுமினியம் மெத்தென்றிருக்கும், ரிங் அதில் பள்ளம் போடும், பள்ளத்தின் விளிம்பில் ஆக்சைடு விரிசல் விட்டு அங்கேயும் கரண்ட் பாயும். ரிங் தன் தடிமனில் நாலில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். சோதிக்க ஒரு வழி: செல்லில் வெறும் தண்ணீர் ஊற்றி, சாம்பிளுக்கு அடியில் செம்புக்குப் பதில் ஃபில்டர் பேப்பர் வைத்து அரை மணி நேரம் விட்டு எடுங்கள். பேப்பர் நனைந்திருந்தால் அமிலம் ஊற்றவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்தாலும் பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 10 மில்லிஆம்பியரில் வையுங்கள். தப்பு நடந்தால் வோல்ட் விழும், சாம்பிள் கருகாது. வோல்ட்டையும் ஒரே அடியாகக் கொடுக்காமல் வினாடிக்கு அரை வோல்ட் வீதம் ஏற்றுங்கள்.

வரிசை விஷயம். ஜப்பானில் மசுடாவும் ஃபுகுடாவும் 1995இல் காட்டியது இதைத்தான்: துளைகள் தொடங்கும்போது கண்டபடி தொடங்கும், நேரம் போகப் போக ஒன்றையொன்று தள்ளி, அடிப்பக்கத்தில் தேன்கூடாக ஒழுங்குக்கு வரும். முதல் படலத்தை உரித்துவிட்டால் அலுமினியத்தில் அந்த ஒழுங்கின் தடம் குழிகளாக நிற்கும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு குழியிலும் ஒரு துளை. ஆகவே எல்லாமே முதல் கட்டத்தின் கடைசியில் அடிப்பக்கம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. நீங்கள் 1 மணி நேரம்தான் கொடுத்தீர்கள், 3 மைக்ரான். அதற்குள் ஒழுங்கு வராது. குறைந்தது 6 மணி நேரம் கொடுங்கள். இரண்டு கட்டத்திலும் வோல்ட் ஒன்றாகவே இருக்கட்டும். துளை இடைவெளி வோல்ட்டுக்கு 2.5 நானோமீட்டர் என்று நகரும், வோல்ட் மாறினால் புதுத் துளைகள் பழைய குழியில் உட்காராது. தானாக ஒழுங்குக்கு வரும் வோல்ட் ஒவ்வோர் அமிலத்துக்கும் வேறு: ஆக்சாலிக் 40, சல்ஃபூரிக் 25, பாஸ்பாரிக் 195. நடுவே எதையாவது பிடித்தால் துளை வரும், வரிசை வராது.

அனீல் கட்டாயம். உருட்டித் தட்டையாக்கிய தகட்டில் உள்ளழுத்தமும் பொடிப்பொடிப் படிகத் துகள்களும் இருக்கும். நைட்ரஜன் அல்லது ஆர்கானில் 500 டிகிரி, 3 மணி நேரம். பிறகு பாலிஷ். உரிப்பும் 30 நிமிடம் போதாது, 6 மணி நேரப் படலத்துக்கு 60 முதல் 65 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்கக் கிடந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆக்சைடு கரையும், குரோமேட் அலுமினியத்தைக் காத்துக்கொள்ளும்.

ஆய்வகப்பூனை

பெர்குளோரிக் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசிவிடுகிறேன். 20 மில்லிக்கு 80 மில்லி எத்தனால் என்றால் எத்தனாலை முதலில் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அதில் விடுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். பாலிஷ் முழுக்க 10 டிகிரிக்குக் கீழே. கலவையைச் சூடாக்குவது, ஆவியாக விட்டுக் கெட்டியாக்குவது, டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போடுவது மூன்றுமே ஆபத்து. பழைய குறிப்புகளில் எத்தனாலுக்குப் பதில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு இருக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம். 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் கலவை வெடித்து 17 பேர் இறந்தார்கள், அங்கே நடந்ததும் அலுமினியம் பாலிஷ்தான்.

தனியாக பெர்குளோரிக் ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இல்லாத இடமென்றால் பாஸ்பாரிக், சல்ஃபூரிக், தண்ணீர் எடைக்கு 4:4:2 கலவை இருக்கிறது. அது சூடாக வேலை செய்யும், பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் வெடிக்காது.

குரோமிக் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அமிலமாகவே (பிஎச் 3க்குக் கீழே) வைத்துக்கொண்டு சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஆரஞ்சு நிறம் முழுக்கப் போய்ப் பச்சையாகும். பிறகு காரம் சேர்த்து பிஎச் 8 முதல் 9க்குக் கொண்டுவந்தால் பச்சைச் சாம்பல் சேறு அடியில் படியும். 9ஐத் தாண்டிப் போனால் சேறு மறுபடி கரையத் தொடங்கும், அங்கே நிறுத்துங்கள். சேறு அபாயக் கழிவு டப்பாவுக்கு.

துளைதேடி

மின்குளியல் சார், செம்புத் தகட்டில் வெளிர் நீலப் பொடி இருந்தது, நீங்கள் சொன்ன அதே இடத்தில். ரிங்கை மாற்றி, 2.5 செ.மீ. வெட்டி, ஃபில்டர் பேப்பர் சோதனை செய்து போட்டேன். நான்கு சாம்பிளும் 6 மணி நேரம் அசையாமல் நின்றன. ஆக்சாலிக்கும் படிகம்தான், 37.8 கிராமுக்கு மாற்றிவிட்டேன், கரண்ட் கொஞ்சம் கூடியது.

இப்போது தேன்கூடு 2, 3 மைக்ரான் வரை தொடர்கிறது. ஆனால் நடுநடுவே நேர்கோடாக வாய்க்கால் மாதிரி ஓடி வரிசையை வெட்டுகிறது. இன்னொன்று, உரிப்பு முழுமையாக முடிந்ததா என்று எஸ்.இ.எம். இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

மின்குளியல்

2, 3 மைக்ரான் நல்ல எண். தானாக ஒழுங்காகும் முறையில் அதற்கு மேல் பேராசைப்பட வேண்டாம். சென்டிமீட்டர் அளவுக்கு ஒரே ஒழுங்கு வேண்டுமென்றால் அச்சால் முன்கூட்டியே குழி பதிக்க வேண்டும், அது வேறு வேலை.

நேர்கோடுகள் உருளையின் தடம். எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றனவா பாருங்கள், ஓடினால் பாலிஷ் போதவில்லை. 1 நிமிடத்தை 3 ஆக்கிக் கரைசலை நன்றாகக் கலக்குங்கள். பாலிஷின் குறைகளைக் கண்ணாலேயே படிக்கலாம். மேலிருந்து கீழாக வால் வால் ஆகக் கோடு இருந்தால் குமிழிகள் வழுக்கிக்கொண்டு ஏறிய தடம், கலக்கல் குறைவு. ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் என்றால் கரைசல் சூடாகிவிட்டது. வெண்மையான மங்கல் என்றால் கரண்ட்டை நிறுத்திவிட்டு சாம்பிளை உள்ளேயே விட்டுவைத்திருக்கிறீர்கள். வோல்ட் இருக்கும்போதே வெளியே இழுத்து உடனே குளிர்ந்த எத்தனாலில் முக்க வேண்டும். நல்ல பாலிஷுக்கு அடையாளம்: பேப்பரின் வரி விளம்பரப் பக்கத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் சாம்பிளில் எழுத்துத் தலைகீழாகத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உரிப்புக்குத் தராசு போதும். 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில், கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். மறுபடி அரை மணி நேரம் உரித்து எடை போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. உங்கள் 6 மணி நேரப் படலம் 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், வித்தியாசம் தராசில் தெரியாமல் போகாது.

கலவையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு குரோமியம் டிரைஆக்சைடு 1.8 கிராம், 85 சதவீத பாஸ்பாரிக் 7.1 கிராம், மிச்சம் தண்ணீர். 85 சதவீத அமிலத்தை 6 கிராம் மட்டும் போட்டு அதை 6 சதவீதம் என்று எழுதுபவர்கள் உண்டு.

தாமரைஇலை

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். 150 வராததற்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம், அந்த வடிவமே அவ்வளவுதான் தரும். கணக்கைப் பாருங்கள்.

துளைகளில் காற்று நிற்கிறது, நீர் சுவரின் தலையை மட்டும் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால் காஸி-பாக்ஸ்டர் சமன்பாடு. திடப் பங்கை (மொத்தப் பரப்பில் சுவரின் பங்கு, அதாவது 1இலிருந்து துளைப் பங்கைக் கழித்தது) எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பரப்பின் சேர்கோணக் கொசைனோடு 1 கூட்டி, திடப் பங்கால் பெருக்கி, 1 கழித்தால் வருவது புதிய கோணத்தின் கொசைன். அறுகோண அடுக்கில் துளைப் பங்கு என்பது துளை விட்டத்தை இடைவெளியால் வகுத்து, வர்க்கமாக்கி, 0.907ஆல் பெருக்குவது. இடைவெளி 105 என்று வைப்போம். அகலப்படுத்தாத 40 நானோமீட்டர் துளை என்றால் துளைப் பங்கு 0.13. விட்டம் 70 ஆனால் 0.40. விட்டம் 85 ஆனால் 0.59.

நல்ல ஃப்ளூரோசிலேன் தட்டையான பரப்பில் 110 டிகிரி தரும். 70 நானோமீட்டர் துளைக்கு 127 வரும், 85க்கு 137. 150 வேண்டுமென்றால் திடப் பங்கு 0.2 ஆக வேண்டும். அதாவது துளை 98, சுவர் 7 நானோமீட்டர். அந்தச் சுவர் அமிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்காது, எங்கோ பொத்துக்கொள்ளும். கட்டுரைகளில் 150 காட்டுகிறவர்கள் பெரும்பாலும் துளைப் பரப்பைக் காட்டவில்லை. சுவர் உடைந்து மூலைகள் மட்டும் ஊசியாக நின்று, காயும்போது நுண்புழை இழுப்பில் தலைகள் சாய்ந்து குத்துக் குத்தாகச் சேர்ந்திருக்கும் பரப்பு அது. அல்லது மைக்ரான் அளவு கரடுமுரடும் நானோவும் சேர்ந்த இரட்டை அடுக்கு. பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997இல் விளக்கிய தாமரை இலையும் இந்த இரட்டை அடுக்குதான்: மைக்ரான் மொட்டுகள், மேலே நானோ மெழுகுக் குழல்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தாமரை இலைத் தண்ணீர் ஒட்டாமல் உருளும். உங்கள் பரப்பில் 137 வந்தாலும் உருளாது. மொட்டுகள் தனித்தனித் தீவு. துளைப் பரப்பில் சுவர் விடாமல் ஓடும் வலை. துளியின் விளிம்பு அந்த வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாம்பிளைத் தலைகீழாகத் திருப்பினாலும் துளி தொங்கும். அதனால் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். ஊசியைத் துளிக்குள்ளேயே வைத்து, மெல்ல நீர் செலுத்தி விளிம்பு நகரும்போது முன்னேறு கோணம், உறிஞ்சி விளிம்பு பின்னால் போகும்போது பின்வாங்கு கோணம், இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 40, 50 டிகிரி வந்தால் மிரள வேண்டாம், இந்தப் பரப்பின் குணம் அது.

அளக்கும்போது 4 மைக்ரோலிட்டர் போதும், 10க்குப் போனால் தன் எடையிலேயே துளி சப்பையாகும். கேமராவை அரை டிகிரி, 1 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, துளியும் அதன் பிம்பமும் சந்திக்கும் இடத்தில் அடிக்கோட்டை வையுங்கள். பெரிய கோணங்களில் அடிக்கோடு ஓரிரு பிக்சல் நகர்ந்தாலே கோணம் பல டிகிரி மாறும்.

திங்கள் 15, வெள்ளி 50 என்பது கருவிப் பிழை இல்லை. புதிய அலுமினா காற்றிலுள்ள கரிமப் பொருள்களை இழுத்துப் பூசிக்கொள்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் இன்னும் வேகம். கழுவிக் காயவைத்த ஒரு மணி நேரத்துக்குள் அளந்து, நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் உங்கள் எண்ணில் ஒன்று இடிக்கிறது. 30 நிமிடம் அகலப்படுத்தியதாகச் சொன்னீர்கள். 5 சதவீத பாஸ்பாரிக், 30 டிகிரி என்றால் விட்டம் நிமிடத்துக்குத் தோராயமாக 1 நானோமீட்டர் கூடும், ஆக 70. அதற்கு 127 வர வேண்டும், 115 வந்திருக்கிறது. ஒன்று துளை 70 ஆகவில்லை, அல்லது சிலேன் சரியாக ஒட்டவில்லை. அடுத்த முறை பாலிஷ் மட்டும் செய்த ஒரு துண்டையும் சிலேன் பூசும் அதே டெசிக்கேட்டரில் (காற்றுப் புகாத உலர்கலம்) கூடவே வையுங்கள். அதன் கோணம் தெரியாமல் மேலே போட்ட கணக்கு எதற்கும் உதவாது.

ஒளிவலை

துளை 70 ஆனதா என்பதை ஒவ்வொரு முறையும் எஸ்.இ.எம்.முக்கு வரிசையில் நின்று பார்க்க வேண்டாம். இரண்டாம் கட்டப் படலத்தை 1 மைக்ரான் அளவில் வளர்த்தால் எதிரொளிப்பு நிறமாலையே சொல்லிவிடும்.

தடிமனுக்கு மின்னூட்டக் கணக்கு. சதுர செ.மீ.க்கு சுமார் 2.2 கூலும் போனால் 1 மைக்ரான். உங்கள் வட்டத்துக்கு 1.7 கூலும். கரண்ட்டைப் பதிவு செய்து கூட்டிக்கொண்டே வந்து அங்கே நிறுத்துங்கள். நிமிடக் கணக்கில் நிறுத்தினால் கரைசல் 2 டிகிரி மாறினாலும் தடிமன் மாறும்.

பிறகு செங்குத்துப் படுகோணத்தில் 450 முதல் 900 நானோமீட்டர் வரை எதிரொளிப்பு எடுங்கள். படலத்தின் மேலிருந்தும் அடியிலுள்ள அலுமினியத்திலிருந்தும் திரும்பும் ஒளி குறுக்கிட்டு அலை அலையாக வரும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளின் அலைநீளங்களைப் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஒளிவிலகல் எண்ணும் தடிமனும் பெருக்கிய தொகை கிடைக்கும். முகடுகள் 600, 500 என்றால் 3,00,000ஐ 200ஆல் வகுத்து 1500. அகலப்படுத்தாத படலத்தின் சராசரி ஒளிவிலகல் எண் 1.58 என்று எடுத்தால் தடிமன் 950 நானோமீட்டர். இரண்டே முகட்டை நம்பாமல், கிடைக்கும் எல்லா முகட்டுக்கும் வரிசை எண்ணுக்கு எதிராக அலைநீளத்தின் தலைகீழியை வரைந்து சாய்வை எடுங்கள், கண்ணாடிபோல் பளபளக்கும் அலுமினியத்தில் பட்டுத் திரும்பும் ஒளியலையின் கட்ட மாற்றம் பெரும்பாலும் அதில் கழிந்துவிடும்.

1.58 எங்கிருந்து வந்தது என்றால்: ஆனோடிக் அலுமினாவுக்கு 1.65, காற்றுக்கு 1, இரண்டின் வர்க்கங்களையும் பருமப் பங்கால் சராசரி எடுத்து வர்க்கமூலம். துளைப் பங்கு 0.13க்கு 1.58. துளை 70 ஆகிப் பங்கு 0.40 ஆனால் 1.43. அதாவது அதே சாம்பிளை அகலப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்தத் தொகை ஒரு பத்து சதவீதம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் துளை அகலவில்லை. மேற்பரப்பும் அமிலத்தில் தேயும், ஆனால் விட்டம் 30 கூடும்போது தடிமனில் 15தான் போகும். 1 மைக்ரானில் அது ஒன்றரை சதவீதம்.

அளப்பதற்கு முன் சாம்பிள் நன்றாகக் காய வேண்டும். துளைக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் காற்றின் 1க்குப் பதில் 1.33 உட்கார்ந்துகொண்டு, துளை சிறிதாக இருப்பதுபோல் காட்டும். 60 டிகிரியில் அரை மணி நேரம் காயவைத்து ஆறவிடுங்கள்.

எஸ்.இ.எம். எடுக்கும்போதும் ஒரு கவனம். மின்னேற்றம் தவிர்க்கத் தங்கம் பூசுகிறோம். 5 நானோமீட்டர் பூச்சு துளையின் வாயில் எல்லாப் பக்கமும் ஏறி விட்டத்தில் 10 வரை விழுங்கிவிடும். 2, 3 நானோமீட்டரோடு நிறுத்தி, முடுக்க வோல்ட்டை 3 கிலோவோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். ஏ.எஃப்.எம். (ஊசி முனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் கருவி) படத்திலிருந்து துளை ஆழத்தை எடுத்துவிடாதீர்கள். ஊசி முனை கூம்பு, குழலுக்குள் இறங்காது, அது காட்டும் ஆழம் ஊசியின் வடிவம்தான்.

துளைதேடி

ஒளிவலை சொன்னபடி ஒரே சாம்பிளில் முன்னும் பின்னும் எடுத்தேன். தொகை 1540இலிருந்து 1370க்கு இறங்கியது, 11 சதவீதம். ஆகவே துளை சரி.

பாலிஷ் மட்டும் செய்த துண்டையும் கூடவே சிலேன் டெசிக்கேட்டரில் வைத்தேன். அதன் கோணம் 92 டிகிரிதான். பெர்ஃப்ளூரோ ஆக்டைல் டிரைகுளோரோசிலேன், 100 மைக்ரோலிட்டர், வெற்றிடத்தில் 2 மணி நேரம். பாட்டில் ஏற்கெனவே திறந்து பயன்பட்டது.

தாமரைஇலை

92ஐச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். திடப் பங்கு 0.6. வருவது 115. முதல் நாள் நீங்கள் சொன்ன அதே எண். துளையில் கோளாறு இல்லை, சிலேன்தான் செத்துவிட்டது. 92 என்பதே விளிம்பில் நிற்கும் கதை. செங்குத்துக் குழலுக்குள் நீர் தானாக இறங்காமல் இருக்கக் கோணம் 90ஐத் தாண்ட வேண்டும்; அதற்கு மேல் இரண்டு டிகிரிதான் இருக்கிறது.

டிரைகுளோரோசிலேன் காற்றின் ஈரத்தைத் தொட்ட உடனே ஹைட்ரோகுளோரிக் அமில வாயு விட்டுக்கொண்டு தனக்குத்தானே இணைந்துகொள்ளும். மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்கு இருந்தால், அடியில் கொஞ்சம் பிசுபிசுப்பாகத் தெரிந்தால், அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். புதியதை உலர்ந்த நைட்ரஜனில் திறந்து சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து அடைத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு குப்பி எடுங்கள். மழை நாளில் டெசிக்கேட்டரை முன்கூட்டியே பம்ப் செய்து, உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, மறுபடி பம்ப் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சாம்பிள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பாஸ்பாரிக்கில் அகலப்படுத்தியதும் ஒரு தடவை கழுவினால் பாஸ்பேட் பரப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும், சிலேனுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் ஊறவிடுங்கள். கழுவும் தண்ணீர் கொதிக்கக் கூடாது. 80 டிகிரிக்கு மேல் போனால் அலுமினா நீரேறிப் போமைட்டாக உப்பித் துளையை அடைத்துவிடும். ஆனோடைசிங் பட்டறைக்காரர்கள் துளையை மூடவே அப்படிச் செய்கிறார்கள். காய்ந்தபின் யூ.வி. ஓசோனில் 10 நிமிடம், உடனே சிலேன், பிறகு 110 டிகிரி அடுப்பில் 1 மணி நேரம்.

தட்டைத் துண்டில் 108க்கு மேல் வந்தால் துளைச் சாம்பிளை அளங்கள். வரவில்லை என்றால் அளக்க வேண்டாம்.

இந்த ஃப்ளூரோ வகைகள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடப்பவை. வெறும் ஒப்பீடுதான் வேண்டுமென்றால் ஸ்டியரிக் அமிலம் போதும்: எத்தனாலில் 10 மில்லிமோலார், சாம்பிளை இரவு முழுக்க ஊறவிட்டு எத்தனாலில் அலசினால் தட்டையில் 100ஐ ஒட்டி வரும். விலையும் சொற்பம், ஈரத்துக்கும் பயமில்லை.

துளைதேடி

பாட்டில் மூடியில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறது. கடைசியாக ஒன்று: 45 நிமிடம் அகலப்படுத்தி 137 எடுக்கப் போகிறேன். 60க்குப் போனால் என்ன?

மின்குளியல்

40லிருந்து தொடங்கி 60 நிமிடம் என்றால் விட்டம் 100, இடைவெளி 105. கணக்கில்தான் சுவர் இருக்கும், தகட்டில் இருக்காது. மேல்பக்கம் முன்பே மெலிந்து ஊசி ஊசியாக விழும். அந்த ஊசிப் பரப்புதான் வேண்டுமென்றால் வேண்டுமென்றே போங்கள், ஆனால் அதைத் துளை என்று எழுதாதீர்கள்.

துளையாகவே இருந்து கோணம் ஏற வேண்டுமென்றால் கூம்பாக்குங்கள். 1 நிமிடம் ஆனோடைசிங், கழுவு, 10 நிமிடம் பாஸ்பாரிக், கழுவு; இதை 5 தடவை. மேல்வாய் 90 வரை விரியும், அடி 50இல் நிற்கும், சுவரின் தலை கத்தி விளிம்பாகும். ஒவ்வொரு சுற்றிலும் கழுவல் முக்கியம். பாஸ்பாரிக் ஒட்டிக்கொண்டு ஆக்சாலிக் குளியலுக்குள் வந்தால் மூன்றாம் சுற்றிலேயே கரண்ட் வளைவின் வடிவம் மாறுவது தெரியும். பாஸ்பாரிக் குளியலை வாட்டர் பாத்தில் வைத்து 30 டிகிரியை அரை டிகிரிக்குள் பிடியுங்கள். சூடு ஏறினால் அரிப்பும் ஏறும், 5 சுற்றுக்குள் மேல்வாய் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் வீணாகப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு துண்டில் 0, 15, 30, 45 நிமிடத்துக்கு ஒளிவலை சொன்ன முறையில் உங்கள் குளியலின் வேகத்தை அளந்துகொண்டு தொடங்குங்கள்.